இளமைப் பாடமும் ஏட்டுத் தமிழும்

பண்டைத் தமிழ்க் கல்வி முறையைப் பற்றிப் பேசப் புகுவோர் அதன்மேல் இரண்டு குற்றங்களை ஏற்றுதல் வழக்கமாகிவிட்டது. பொருள் இன்னதென்றறியாத இளஞ்சிறார்க்கு நிகண்டும் சதகமும் நன்னூற் சூத்திரமும் நெட்டுருச் செய்வித்து, அவர்தம் அறிவைச் சுமைதாங்கியாக்கினர் என்பது ஒன்று. வளர்ந்த மாணாக்கரையும் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்னும் சிறு பிரபந்தங்களிலும் தலபுராணங்களிலுமே நிறுத்திவிட்டு, எட்டுத்தொகை, பத்துப்பாட்டு, பெருங்காப்பியம் என்பன பெயரளவாய் எஞ்சும்படி விட்டனர் என்பது மற்றொன்று. இவற்றுட் பின்னது சைவ மடங்களின்மேல் நேரே சென்று தைப்பது. இரண்டும் முழுப்பொய் என்று தள்ளத்தக்கன அல்ல. ஆயினும், பெயரளவாய் எஞ்சிய அந்நூல்களைச் செல்லுக்கும் கறையானுக்கும் தப்புவித்து அச்சேற்றியவர் யாண்டுப் பயின்றவர் என்று வினவின், அவரும் அந்நெட்டுருவிலும் அவ்வந்தாதிகளிலும் வளர்ந்தவரே என்பது விடையாகின்றது. மறக்கவிட்டது என்று பழிக்கப்படும் கல்வியே மீட்டதுமாயிற்று. இஃது எங்ஙனம் கூடிற்று என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இளமைக் கல்வி என்றவுடன் சைவ மெய்யன்பர்க்குச் சீகாழிப் பிள்ளையார் திருவுருவம் முன்னிற்றல் இயல்பு. மூவாண்டிற் சிவஞானம் பெற்ற அப்பெருமானார் ஓதாதுணர்ந்தவர்; அவர் திறம் திருவருளின்பாற் படுவதன்றிப் பயிற்சியின்பாற் படுவதன்று. ஓதியே உணரக்கடவரான ஏனையோர் ஓதிய முறை பற்றியதே இவ்வாராய்ச்சி.

கி.பி. 19ஆம் நூற்றாண்டு முடியுமளவும், சில ஊர்களில் அதன்பின்னும், தமிழ்ச் சிறுவர் கல்வி திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே நிகழ்ந்தது. ஐந்தாம் வயதில் விசயதசமியன்று வித்தியாரம்பம் செய்வித்து, முதலில் மணலில் விரலால் எழுதச் செய்வர். கை திருந்தியபின் பனையோலையும் எழுத்தாணியும் வரும். அரிச்சுவடி, எண்சுவடி முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, நல்வழி என்பவற்றை வரன்முறையே மனனம் செய்விப்பர். அச்சுப் புத்தகம் இல்லாத அக்காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு நூலுக்கு ஓர் ஏடு இருப்பதே அரிது. உபாத்தியாயர் சொல்லச் சட்டாம்பிள்ளை சொல்வான். சட்டாம்பிள்ளை சொல்ல ஏனையோர் சொல்வர். ஆகவே நெட்டுரு என்பது ஆசிரியர் விரும்பி மேற்கொண்ட ஒரு கொள்கை மாத்திரம் அன்று. நூல் கைக்கெட்டாதார்க்கு நெஞ்சே சுவடியாக வேண்டியிருந்த காலத்தின் தேவையுமாம். இக்காலத்தார் இதனை மறந்து அக்காலத்தாரை நகையாடுதல் முறையன்று.

இவற்றின்பின் வருவது நிகண்டு. சூடாமணி நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளுள் பதினொன்றாவதாகிய ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி சிறுவர் நாவிற் பெரிதும் பயின்றது. அத்தொகுதி எதுகை பற்றி அடைவு செய்யப்பட்டது. ககர எதுகைச் சொற்கள் ஓரிடத்தும் ஏனை எதுகைச் சொற்கள் தத்தமக்குரிய இடத்தும் அமைந்தன. இக்காலத்து அகராதி கண்ணுக்கு ஏற்ப அடுக்கப்பட்டது. அந்நிகண்டு செவிக்கு ஏற்ப அடுக்கப்பட்டது. அதனை மனனம் செய்த சிறுவன், ஒரு சொற்குப் பொருள் வேண்டியவிடத்து ஏட்டைத் தேடவேண்டியதில்லை. எதுகையைத் தொட்டவளவில் செய்யுள் தானே நாவில் எழும். வடமொழி பயில்வார்க்குச் சப்தமும் அமரகோசமும் இதே நிலையில் நின்றன. அவையும் பொருள் விளங்குமுன் நெஞ்சில் இடப்பட்டு, காவியம் தொடங்கியபின் ஒவ்வொன்றாய்க் கண்விழிப்பன.

ஈண்டு ஓர் உண்மையைச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். சூடாமணி நிகண்டு செய்த மண்டலபுருடர் சைனர். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் சைனர். யாப்பருங்கலக் காரிகை செய்த அமிதசாகரரும் அச்சமயத்தவரே. அமரகோசம் இயற்றிய அமரசிங்கர் பௌத்தர் என்பர். நெற்றியில் நீறணிந்து, பஞ்சாக்கரம் ஓதி, மடத்துப் பந்தியில் உண்டு பயின்ற சைவ மாணாக்கன் கையில் முதற்கண் கொடுக்கப்பட்ட கருவிநூல்கள் யாவும் புறச்சமயத்தார் இயற்றியன. அவற்றை ஒதுக்கிவிட்டுச் சைவர் வேறு கருவிநூல் வகுத்துக்கொள்ளவில்லை. மாறாக, திருவாவடுதுறை ஆதீனத்தோடு தொடர்புடைய சங்கரநமச்சிவாயர் நன்னூற்கு விருத்தியுரை செய்தார். அதனைச் சிவஞான முனிவர் திருத்திப் புதுக்கினார். பின்னர் ஆறுமுக நாவலர் அச்சிட்டார். சமயக் கொள்கையில் அணுவளவும் நெகிழாத இம்மூவரும் ஒரு சைன முனிவர் நூலைத் தம் மாணாக்கர்க்கு உரியதாகப் போற்றியதை, மடத்துக் கல்வி குறுகியது என்பார் கருத்திற் கொள்வதில்லை.

அக்கல்வி உயர்ந்து நின்ற காலத்துக்குச் சிவஞான முனிவரே சான்று. பொதியின் அடிவாரத்துப் பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் ஆனந்தக்கூத்தர்க்கும் மயிலம்மையார்க்கும் மகனாய்த் தோன்றி, முக்களாலிங்கர் என்னும் பிள்ளைப்பெயர் பெற்ற அவர், பள்ளிக்கூடம் செல்லும் பருவத்திலேயே திருவாவடுதுறைத் தம்பிரான்களைத் தெருவிற் கண்டு, இல்லத்துக்கு அழைத்துச் சென்று அமுது செய்வித்து, அவரோடு போதற்குப் பெற்றோரிடம் விடைபெற்றார் என்பது அவர் வரலாறு. ஆதீனத்தில் தமிழும் வடமொழியும் ஒருங்கு கற்றார். அவர் இயற்றியவற்றை நோக்குவார்க்கு அவ்விரு கல்வியும் இருவேறு பெட்டியில் இடப்பட்ட பொருள்களாய் நின்றில என்பது புலனாகும். சிவஞானபோதத்துக்குத் திராவிட மாபாடியம் கண்டவரும், தருக்கசங்கிரகத்தைத் தமிழாக்கியவரும், தொல்காப்பியப் பாயிரத்துக்கும் முதற்சூத்திரத்துக்கும் விருத்தி எழுதியவரும், காஞ்சிப் புராணம் பாடியவரும் ஒருவரே. 1785இல் அவர் சிவபரிபூரணம் அடைந்தார். இளமைக்கண் இருமொழியும் பெறாதவர்க்கு இத்தகைய கலப்பு வாய்த்தல் அரிது. முதிர்ந்தபின் கற்கும் இரண்டாவது மொழி பெரும்பாலும் விருந்தினர் போல் வாயிலில் நின்றுவிடும், வீட்டாரோடு கலவாது.

இனி, குறை கூறுவார் பக்கத்தையும் மறையாது கூறல் வேண்டும். சிவஞான முனிவர்க்கு முற்பட்டவரும் அதே ஆதீனத்தவருமான சுவாமிநாத தேசிகர், ஈசான தேசிகர் என்றும் பெயர் பெற்றவர், தாம் செய்த இலக்கணக்கொத்தின் உரையில், திருவருள் நூல்களை விட்டுச் சிந்தாமணி முதலிய காப்பியங்களிலும் பத்துப்பாட்டு, எட்டுத்தொகை முதலியவற்றிலும் வாழ்நாளைச் செலவிடுவாரை இரங்கிப் பேசுகின்றார். இப்பகுதியைக் காட்டி, சங்கநூல்களை மறைத்தவர் சைவரே என்று வாதிப்பார் பலர். ஆசிரியர் கூற்றை இல்லையென்று சொல்லுதல் கூடாது. அதனை நல்லதென்று காத்தலும் வேண்டுவதன்று. ஆனால் அக்கூற்றே வேறொன்றையும் அறிவிக்கின்றது. படிப்பார் ஒருவரும் இல்லாத நூலைப் படியாதீர் என்று கண்டித்தல் யார்க்கும் நிகழாது. ஆகவே தேசிகர் காலத்தில் அந்நூல்களைக் கற்பார் உளராயிருந்தனர். அவர் தொகையும் கண்டிக்கும் அளவினதாயிருந்தது. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டில் அவ்வழக்கு அருகியது. பாடஞ்சொல்வார் மறைய, ஏடு பெயர்த்தெழுதுவாரும் மறைந்தனர். ஓலையின் ஆயுள் மனிதர் கைபடும் அளவையே பொறுத்தது. நூறு இருநூறு ஆண்டுக்கொருகால் படியெடுக்கப்படாத நூல் அழிந்தொழியும். அதனை அழிக்க வேறு பகைவர் வேண்டியதில்லை.

இந்நிலையில் வந்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். 1815இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த அதவத்தூரிற் பிறந்த அவர்க்கு முதலாசிரியர் தந்தையார் சிதம்பரம் பிள்ளையே. இளமையிலேயே தந்தையை இழந்தபின், ஒரு நூலை முழுதும் கற்பிக்கவல்ல ஓராசிரியர் ஓரிடத்தே கிடையாமையால், எந்நூல் எவரிடம் உளதோ அவரிடம் சென்று அதனைக் கேட்பதையே தொழிலாகக் கொண்டார். தண்டியலங்காரத்தை அவர் கற்ற வரலாறு யாவரும் அறிந்தது. வீடுதோறும் பிச்சை ஏற்றுண்ணும் ஒரு பரதேசியிடம் அந்நூற் பயிற்சி உளதென்று கேள்வியுற்று, அவர் செல்லுமிடமெல்லாம் உடன்சென்று, அவர்க்கு வேண்டுவன செய்து, அவர் மனம் இரங்கிய வேளையில் பாடம் கேட்டார். பின்னாளில் இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களைப் பாடிய பெரும்புலவர், பதின்மப் பருவத்தில் ஓர் அணியிலக்கணத்துக்காகத் தெருத்தெருவாய் நடந்தார். அக்காலத்து நூற்பஞ்சம் எத்தகையதென்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் வேறு செய்தி இல்லை.

தாம் பட்ட துன்பம் தம் மாணாக்கர் படலாகாதென்று கருதியவர்போலும், பிள்ளையவர்கள் கேட்டவர்க்கெல்லாம் மறாது பாடஞ்சொன்னார். அவர்பாற் கற்றவருட் கும்பகோணம் தியாகராச செட்டியாரும் உளர். நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் உளர். கிறித்துவரான சவரிராயலு நாயகரும் உளர். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாய் விளங்கிய ஒருவர் முன்னிலையில் முச்சமயத்தார் கற்றனர் என்பது பதிவு செய்தற்குரியது.

அவரிடம் 1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் வந்து சேர்ந்த பதினாறு வயதினர் ஒருவர் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் குமாரர். சங்கீத வித்துவானாகிய தந்தையார் தம் மகன் வடமொழியும் தெலுங்கும் சங்கீதமும் கற்பதையே நன்றென்று கருதினார். மகன் உள்ளமோ தமிழிலே அழுந்தியது. அதனைக் கண்டபின் அத்தந்தையார் செய்தது போற்றத்தக்கது. வறுமை நீங்காத அக்குடும்பம், மகனுக்குப் பாடஞ்சொல்வார் எவ்வூரில் உளரோ அவ்வூர்க்கெல்லாம் இடம்பெயர்ந்தது. அரியலூரிற் சடகோபையங்கார் தமிழ்ச்சுவையைக் காட்டினார். குன்னத்திற் சிதம்பரம் பிள்ளை திருவிளையாடற் புராணம் சொன்னார். கார்குடியிற் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூலும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகையும் பாடமாயின. மாயூரத்தை அடையுமுன்னரே நிகண்டும் இலக்கணமும் யாப்பும் அவர் நெஞ்சில் ஏறியிருந்தன. பிள்ளையவர்களால் சாமிநாதன் என்று பெயர் மாற்றப்பெற்ற அவ்விளைஞரே பின்னர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்களாய் விளங்கினார்.

பிள்ளையவர்களிடம் அவர் தொடக்கத்திற் பாடங்கேட்டவற்றுள் அவ்வாசிரியரே இயற்றிய திருக்குடந்தைத் திரிபந்தாதியும் ஒன்று. அதன்மேல் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், கலம்பகங்கள், நைடதம், புராணங்கள் எனப் பாடம் விரைந்து சென்றது. 1876இல் பிள்ளையவர்கள் சிவபதம் அடைந்தபின், திருவாவடுதுறையிற் சுப்பிரமணிய தேசிகர் முன்னிலையில் அக்கல்வி தொடர்ந்தது. இளைஞர்க்கு உணவும் உறையுளும் சுவடியும் அளித்து, பொருள் வேண்டாது கற்பித்த இடம் அக்காலத்தில் மடம் ஒன்றே. 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது அவர் இடத்தில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராய் ஐயர் அமர்ந்தார்.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் நிகழ்ந்த சந்திப்பு தமிழ் வரலாற்றில் நிலைபெற்றது. கும்பகோணத்தில் முன்சீபாய் இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் காணச் சென்றார். இன்னின்ன படித்தீர் என்று முதலியார் வினவ, ஐயர் தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்பவற்றை அடுக்கினார். முதலியார் முகம் மலர்ந்திலது. இவற்றாற் பயன் என்னை என்னும் குறிப்பினராய், சீவகசிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டுச் சென்றார். ஐயர் அவற்றைப் படித்திலர். அவர் ஆசிரியரும் பாடஞ்சொல்லியிலர். சில நாளின்பின் முதலியார் ஒரு சிந்தாமணிப் பிரதியை அவர் கையிற் கொடுத்துப் பாடஞ்சொல்லக் கேட்டார். அதுவே தொடக்கமாயிற்று.

இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் பெரும்பாலும் முதலியார் வினாவோடு நின்று, அதுவரை ஐயர் கற்றனவெல்லாம் வீண் என்று முடிப்பர். முதலியார் வினா நேர்மையானது. அதற்குத் தமிழுலகம் கடமைப்பட்டுள்ளது. ஆனால் வீண் என்னும் முடிபு பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதை அறிதற்கு, பழைய ஏடு ஒன்றைக் கையில் வைத்து நோக்கல் வேண்டும்.

ஏட்டெழுத்திற் புள்ளி இடுவதில்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தின் ஓலை பொத்துப்போம் என்று அதனை விட்டனர். அதனால் 'ன' என்பது உயிர்மெய்யோ ஒற்றோ என்பது எழுத்தால் தெரியாது. எகர ஏகாரங்கட்கும் ஒகர ஓகாரங்கட்கும் கொம்பு வேறுபாடு இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவின. ஆகவே 'கொன' என்று தோன்றும் மூன்று நான்கு கீறல்களைக் கொன என்றும், கொன் என்றும், கோன என்றும், கோன் என்றும் படிக்கலாம். காலை ரகரமாகக் கொண்டு கெரன, கெரன், கேரன, கேரன் என்றும் படிக்கலாம். ஓரிடத்திலேயே எட்டு வாசகம். இவற்றோடு, சொற்பிரிப்பும் இல்லை, அடிப்பிரிப்பும் இல்லை, ஒரு செய்யுள் முடிந்து அடுத்தது தொடங்குமிடத்தும் வெற்றிடம் இல்லை. மூலமும் உரையும் ஒரே ஓட்டமாய்ச் செல்லும். இவற்றின்மேல் எழுதினோர் பிழையும் செல்லரித்த துளையும் சேரும்.

இத்தகைய ஏட்டைப் படிப்பது கண் அன்று, செவியே. எவ்வெழுத்து ஒற்று என்பதைத் தளையும், எவ்விடத்து அடி முடிந்தது என்பதை எதுகையும், எவ்விடத்துச் சீர் தொடங்கியது என்பதை மோனையும் அறிவிக்கும். இவற்றைக் காரிகைச் சூத்திரத்தைப் புரட்டி ஒவ்வொன்றாய்ச் சோதித்து அறிய முயல்வார் ஒரு நாளில் ஒரு செய்யுளைக் கடவார். ஆயிரக்கணக்கான செய்யுளை இளமையில் நாவிற் பழக்கினவர்க்கோ பிழைபட்ட வாசகம் செவியில் இடறும். உரியது தானே நாவில் வரும். பொருளறியாது மனனம் செய்த காலத்தில் அச்சிறுவர் பொருளைப் பெற்றிலர், ஓசையைப் பெற்றனர்.

திரிபும் யமகமும் இவ்விடத்து உதவியது இன்னும் வியக்கத்தக்கது. அவை வெறும் சொல் விளையாட்டு என்று இக்காலத்தார் இகழ்வர். காப்பியச் சுவையோடு ஒப்ப வைத்துப் பார்ப்பின் அவ்விகழ்ச்சியில் நியாயமும் உண்டு. ஆனால் அவற்றைப் பாடங்கேட்கும் மாணாக்கன் நாடோறும் செய்யும் வேலை யாது? ஒரே எழுத்துத்தொடரை வெவ்வேறிடத்து வெவ்வேறாய்ப் பிரித்துப் பொருள் காண்பதே. தாமரை என்பது பூவுமாம். தா மரை எனப் பிரிந்து தாவுகின்ற மானுமாம். வேங்கை மரமுமாம், புலியுமாம். வேம் கை எனப் பிரிந்து வேகின்ற கையுமாம். ஓரந்தாதியில் நூறு செய்யுள், செய்யுள்தோறும் நான்கடி, அடிதோறும் இப்பிரிப்பு. சொற்பிரிப்பில்லாத ஏட்டைப் படிக்கப் போகின்றவனுக்கு இதனினும் ஏற்ற பயிற்சியை வேண்டுமென்றே வகுக்க முயன்றாலும் வகுத்தல் அரிது. அந்தாதி பாடினோரும் பாடஞ்சொன்னோரும் இப்பயனைக் கருதினவர் அல்லர். ஆயினும் பயன் விளைந்தது. முதலியார் எவற்றைக் கேட்டு முகம் சுளித்தாரோ, அவையே முதலியார் கொடுத்த ஏட்டைத் திறக்கும் திறவுகோலாயின.

திறவுகோல் எல்லாக் கதவையும் திறந்ததென்று கூறுதலும் மிகையாம். சிந்தாமணி பதின்மூன்று இலம்பகங்களையும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களையும் உடைய பெருநூல். நச்சினார்க்கினியர் தம் உரையில், இன்ன நூலிலிருந்து என்னாது மேற்கோள்களை அள்ளி வழங்குவார். அவை எட்டுத்தொகை முதலியவற்றைச் சார்ந்தன. அந்நூல்களோ ஐயர்க்கு அப்போது பெயரளவிற் கூடப் பலவாய்த் தெளிந்தில. சைன சமயச் சொற்களும் மரபுகளும் இடந்தோறும் வழிமறித்தன. இவற்றுக்கு மடத்துப் பாடம் உதவவில்லை. ஐயர் கும்பகோணத்துச் சைனர் இல்லங்களுக்குச் சென்று, அந்நூலைச் சமயநூலாகப் போற்றிப் படித்துவந்த அவர்களிடம் கேட்டுத் தெளிந்தார். நீறணிந்த தமிழாசிரியர் ஒருவர் சைனர் வாயிலில் மாணாக்கராய் நின்றார். அவர்களும் உவந்து விளக்கினார்கள். சைனர் நிகண்டையும் சைனர் இலக்கணத்தையும் இளமையிற் கற்ற நா, சைனர் காப்பியத்தைக் கேட்கக் கூசவில்லை. இம்முயற்சியைச் சைவர் சிலர் குறைகூறியதும் உண்டு. ஆதீனத் தலைவரான சுப்பிரமணிய தேசிகரோ ஐயர்பாற் கொண்ட அன்பிற் குறைந்திலர். 1887இற் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது. 1889இற் பத்துப்பாட்டும், 1892இற் சிலப்பதிகாரமும், 1894இற் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அதனைத் தொடர்ந்தன.

ஐயர் ஒருவரிடத்து மாத்திரம் இது நிகழ்ந்ததெனின் அவர்தம் தனித்திறம் என்று விடலாம். அவர்க்கு முன்னரே ஏடு தேடப் புகுந்த சி. வை. தாமோதரம் பிள்ளையும் அவ்வாறே பயின்றவர். 1832இல் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த அவர், ஆங்கிலக் கல்வியிற் புகுந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராவதற்கு முன், சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் இளமையிலேயே இலக்கண இலக்கியம் கேட்டவர். 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் அவர் பதிப்பித்தார். ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கி அச்சிடும் ஊக்கம் அவர்க்குப் புதிய கல்வியோடு வந்ததெனினும், ஏட்டைப் படிக்கும் செவி பழைய கல்வியிலிருந்தே வந்தது. ஆங்கிலம் வல்லார் அக்காலத்துப் பலர் இருந்தும் ஏடு பதிப்பித்தார் மிகச் சிலரே ஆனதன் காரணம் இதுவாகும்.

இங்ஙனம் கூறியதனால் நெட்டுருவே அமையும், பொருள் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கொள்ளற்க. அவ்வாறு கொள்ளாதவருட் தலையாயவர் அக்கல்வியின் முடிமணியான ஆறுமுக நாவலரே. 1822இல் நல்லூரிற் பிறந்து, ஒன்பதாம் வயதில் தந்தையாரை இழந்து, சரவணமுத்துப் புலவரிடமும் சேனாதிராய முதலியாரிடமும் பயின்று, வெசுலியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலமும் கற்ற அவர், இருமுறையின் நிறைகுறைகளையும் நேரிற் கண்டவர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, பழைய முறையை அப்படியே கொண்டுவந்து வைத்திலர். சிறுவர் வயதுக்கும் அறிவுக்கும் ஏற்பப் படிப்படியாய் ஏறும் பாலபாடங்களை வசனநடையில் எழுதினார். 1852இற் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். செய்யுள் நாவில் நிற்கும். வசனம் அறிவிற் சேரும். இரண்டும் வேண்டும் என்பது அவர் செய்கையால் அறியப்படுவது. நிகண்டையும் நன்னூலையும் அவர் கைவிட்டிலர் என்பதும் உடன் நினைக்கத்தக்கது. 1864இற் சிதம்பரத்தில் நிறுவிய வித்தியாசாலையும் இந்நெறியே பற்றியது.

திண்ணைப் பள்ளிக்கூடத்திற் காக்கத்தகாதனவும் இருந்தன. பாடம் ஒப்பியாத சிறுவனைக் கோதண்டம் என்று பெயரிட்டு விட்டத்திற் கட்டிய கயிற்றில் தொங்கவிட்டனர். அதனைக் கல்வியின் ஓர் உறுப்பென்று எண்ணிய உபாத்தியாயர் தாம் கற்பித்த நீதிநூலைத் தாமே கற்றிலர் என்க. பெண்மக்களும், தாழ்த்தப்பட்ட குடியிற் பிறந்த மக்களும் பெரும்பாலும் அத்திண்ணையில் ஏறவே இடமில்லாதிருந்தது. நந்தனார் திருத்தொண்டை மனனம் செய்வித்த திண்ணையிலேயே இது நிகழ்ந்தது. எத்தனை செவிகள் அதனாற் பழுதாய்ப் போயின என்பதற்குக் கணக்கில்லை.

ஐயரவர்கள் சங்கநூல்களை வெளியிட்டபின் தம் இளமைப் பாடங்களை எங்ஙனம் மதித்தார் என்பதை அவர் சொல்லாற் காண்பதினும் செயலாற் காண்பது எளிது. ஐங்குறுநூற்றை 1903இலும் பதிற்றுப்பத்தை 1904இலும் பதிப்பித்தபின், ஓலைச்சுவடிகள் இன்னும் பல அவர் கையிற் காத்திருந்த காலத்தில், அவர் ஊர் ஊராய்ச் சிதறிக்கிடந்த தம் ஆசிரியர் பிரபந்தங்களைத் தேடிச் சேர்க்கலாயினார். எளியோர் கேட்டதற்கிணங்கப் பிள்ளையவர்கள் பாடிக் கொடுத்து, படி வைத்துக்கொள்ளாது விட்டவையும் அவற்றுள் இருந்தன. 1910இல் அவை பிரபந்தத் திரட்டு என்னும் பெயரால் ஒரு தொகுதியாய் வெளிவந்தன. மாயூரத்திற் பதினாறு வயதில் அவர் பாடங்கேட்ட திருக்குடந்தைத் திரிபந்தாதியும் அத்தொகுதியில் உள்ளது.